பைன் தேன் தரும் செதில் பூச்சி

கிரேக்கத்திலும் துருக்கியிலும் பேர்போன பைன் தேன் பூவிலிருந்து வருவதல்ல. பைன் மரப்பட்டையின் இடுக்குகளில் பஞ்சு போன்ற வெள்ளை மெழுகுக்குள் ஒளிந்திருக்கும் மார்ச்சலினா ஹெலனிகா என்ற செதில் பூச்சி, மரச்சாற்றை உறிஞ்சி, மிஞ்சும் இனிப்பைக் கழிவாக வெளியேற்றுகிறது. தேனீக்கள் சேகரிப்பது அதைத்தான். ருசித்துச் சாப்பிடுபவர்கள் இதை அதிகம் யோசிக்காமலிருப்பது நல்லது!

1883இல் கென்னாடியஸ் என்பவர் இப்பூச்சியை மோனோஃபிளபஸ் பேரினத்தில் வைத்து விவரித்தார். பின்னர் மார்கரோடிடே குடும்பத்தில் சேர்த்தார்கள். இப்போது மார்ச்சலினிடே என்று தனிக் குடும்பம்.

ஆண்டுக்கு ஒரே தலைமுறை. ஆண்கள் அபூர்வம், பெண்கள் பெரும்பாலும் இணைசேராமலே முட்டையிடுகின்றன. முதிர்ந்த பெண் எதையும் உண்பதில்லை, உறிஞ்சுவதெல்லாம் இளம்பருவத்தில்தான்.

தேன் பெருகட்டும் என்று கிரேக்கத்தில் இதைப் புதிய காடுகளிலும் பரப்பினார்கள். சில இடங்களில் மரங்கள் வலுவிழந்தன. 2014இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும் அடிலெய்டிலும் இப்பூச்சி தென்பட்டபோது, அங்கே அது வெறும் பீடை.