பழைய நிகழ்பட ஆட்டங்களைச் சேகரித்தல்

பழைய நிகழ்பட ஆட்டங்களைச் சேகரித்தல் என்பது, விற்பனையிலிருந்து நீங்கிவிட்ட வீடியோ கேம் கருவிகள், அவற்றின் கேசட்டுகள், குறுந்தகடுகள், அட்டைப்பெட்டிகள், கையேடுகள் ஆகியவற்றைத் தேடிப் பெற்றுப் பேணும் பொழுதுபோக்கு ஆகும். அஞ்சல் தலை, நாணயம் ஆகியவற்றின் சேகரிப்பை இது ஒத்தது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அஞ்சல் தலையைக் கண்ணால் பார்த்தால் போதும். பழைய ஆட்டம் ஒன்றை ஆடிப்பார்க்க அதற்குரிய கருவி, கைப்பிடி, சில வேளைகளில் அக்காலத் தொலைக்காட்சிப் பெட்டி என எல்லாமே வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். 2019 முதல் 2021 வரையான காலத்தில் ஏலங்களில் கிடைத்த பெருந்தொகைகள் காரணமாக இது ஒரு முதலீடாகவும் பேசப்படலாயிற்று. அந்த விலைகள் எவ்வாறு உருவாயின என்பதை அறியாமல் இதில் பணம் போட்டவர்கள் பலர்.

பின்னணி

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் முதல் வணிகக் கருவியான மேக்னவாக்ஸ் ஒடிசி 1972-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 1977-இல் வந்த அட்டாரி 2600, கேசட்டை மாற்றி மாற்றி ஆடும் முறையைப் பரவலாக்கியது. 1983-இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. தரமற்ற ஆட்டங்கள் கடைகளில் குவிந்து, விற்காமல் தேங்கின. விற்காத சரக்கின் ஒரு பகுதியை அட்டாரி நிறுவனம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமொகோர்டோ நகரக் குப்பைக் கிடங்கில் புதைத்தது.

இந்தப் புதையல் பற்றிய செய்தி நெடுங்காலம் ஒரு கட்டுக்கதை போலவே உலவியது. 2014 ஏப்ரலில் அவ்விடத்தைத் தோண்டியபோது ஏறத்தாழ 1,300 கேசட்டுகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் திரைப்படத்தை ஒட்டி ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் உருவாக்கப்பட்ட 'இ.டி.' ஆட்டமும் இருந்தது. சாதாரண 'இ.டி.' கேசட் சில டாலர்களுக்கே கிடைக்கும். ஆனால் குப்பையில் முப்பது ஆண்டு கிடந்து நசுங்கி, நாற்றமெடுத்த கேசட்டுகளை நகர நிர்வாகம் சான்றிதழுடன் இணையத்தில் ஏலமிட்டபோது, ஒன்று 1,500 டாலருக்கு மேல் போனது. ஆட்டம் ஒன்றேதான், வேறுபட்டது அது கடந்துவந்த கதை. சேகரிப்பாளர் பணம் கொடுப்பது எதற்கு என்பதை இந்நிகழ்வு நன்கு காட்டுகிறது.

அரிதாவது எப்படி?

பழையது என்பதனால் மட்டும் ஒரு பொருள் அரிதாகிவிடாது. 1985-இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' நான்கு கோடிப் படிகளுக்கு மேல் விற்ற ஆட்டம். அதன் கேசட் இன்றும் எளிதில் கிடைக்கும். அரிதாக்கும் காரணங்கள் வேறு.

நல்ல எடுத்துக்காட்டு, பண்டாய் நிறுவனம் 1987-இல் நிண்டெண்டோவின் என்.இ.எஸ். கருவிக்காக அமெரிக்காவில் வெளியிட்ட 'ஸ்டேடியம் ஈவெண்ட்ஸ்'. தரையில் விரிக்கும் பாயின் மேல் ஓடி ஆடும் ஆட்டம் இது. பாயின் உரிமையை நிண்டெண்டோ வாங்கிக்கொண்டு, கடையிலிருந்த படிகளைத் திரும்பப் பெற்று, அதே ஆட்டத்தை 1988-இல் 'வேர்ல்ட் கிளாஸ் டிராக் மீட்' என்ற பெயரில் வெளியிட்டது. திரும்பப் பெறுவதற்கு முன் விற்றுப்போன சில நூறு படிகளே முதற்பெயரில் எஞ்சின என்று கருதப்படுகிறது. எனவே முதற்பெயர் கொண்ட கேசட் ஆயிரக்கணக்கான டாலருக்கும், இரண்டாம் பெயர் கொண்டது சில டாலருக்கும் விற்கின்றன. ஐரோப்பாவில் வெளிவந்த 'ஸ்டேடியம் ஈவெண்ட்ஸ்' அவ்வளவு அரிதன்று. பெயரை மட்டும் பார்த்து வாங்குவோர் இங்கேதான் ஏமாறுகின்றனர்.

போட்டிகளுக்காக மட்டும் செய்யப்பட்ட கேசட்டுகள் இன்னொரு வகை. 1990-இல் நடந்த நிண்டெண்டோ உலகப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்தோருக்கு 90 சாம்பல் நிறக் கேசட்டுகளும், ஓர் இதழ்ப் போட்டியின் வழியே 26 பொன்னிறக் கேசட்டுகளும் வழங்கப்பட்டன. விற்பனைக்கே வராத மாதிரிகளும் உண்டு. நிண்டெண்டோவும் சோனியும் கூட்டாக உருவாக்கிக் கைவிட்ட 'நிண்டெண்டோ பிளேஸ்டேஷன்' மாதிரிக் கருவி 2020 மார்ச்சில் 3,60,000 டாலருக்கு ஏலம் போனது. கேட்பு விலை 3,00,000; மீதி ஏல நிறுவனத்துக்கு வாங்குபவர் தரும் 20 விழுக்காட்டுக் கட்டணம். ஏலச் செய்திகளில் வரும் தொகைகள் பெரும்பாலும் இக்கட்டணத்தையும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. விற்றவர் கைக்கு அவ்வளவும் போவதில்லை.

ஒரு கருவியின் ஆயுள் முடியும் தறுவாயில் வந்த ஆட்டங்களும் குறைந்த எண்ணிக்கையிலேயே அச்சாயின. செகா சாட்டர்ன் கருவிக்கு 1998-இல் வந்த 'பேன்சர் டிராகன் சாகா' இவ்வகையில் பெயர்பெற்றது.

பெட்டிக்கு ஏன் இவ்வளவு விலை?

சந்தையில் ஒரே ஆட்டத்துக்கு மூன்று விலைகள் உண்டு. வெறும் கேசட் ஒரு விலை. பெட்டி, கையேடு, உள்ளட்டை எல்லாம் சேர்ந்தது அதைவிடக் கூடுதல். பிரிக்கப்படாதது மிகக் கூடுதல். காரணம் எளிது. ஆட்டம் குழந்தைகளுக்காக வாங்கப்பட்டது. பெட்டி அன்றே கிழிந்து குப்பைக்குப் போனது. பிளாஸ்டிக் கேசட் நிலைத்தது, அட்டை நிலைக்கவில்லை.

பிரிக்கப்படாதவற்றுள்ளும் ஆரம்ப அச்சுகளே தேடப்படுகின்றன. என்.இ.எஸ். கருவி 1985 அக்டோபரில் நியூயார்க்கில் வெள்ளோட்டமாக விற்கப்பட்டபோது, ஆட்டப் பெட்டிகளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை இல்லை. வட்டமான சிறு கறுப்பு ஒட்டுவில்லையால் மூடி ஒட்டப்பட்டிருந்தது. உறை பின்னர் வந்தது. நான்கு கோடி விற்ற ஆட்டத்தில், அந்த ஒட்டுவில்லை கிழியாமல் நிற்கும் பெட்டிகள் ஒரு கைவிரல்களில் எண்ணக்கூடியவை.

தரமிடலும் ஏலமும்

வாங்குபவர் பெட்டியைப் பிரிக்க முடியாது. பிரித்தால் மதிப்புப் போய்விடும். எனவே பொருள் உண்மையானதா, எந்நிலையில் உள்ளது என்பதை மூன்றாம் தரப்பு ஒன்று சொல்ல வேண்டியதாயிற்று. விஜிஏ என்ற அமைப்பு 2008 முதல் நூற்றுக்கு மதிப்பெண் இட்டுவந்தது. 2018-இல் தொடங்கிய வாட்டா கேம்ஸ், நகைச்சுவைப் படக்கதை நூல்களின் வழக்கத்தைப் பின்பற்றிப் பெட்டிக்குப் பத்துக்கு மதிப்பெண்ணும், உறைக்கு எழுத்துத் தரமும் இட்டது. தரமிட்ட பொருள் தெளிந்த அக்ரிலிக் பேழைக்குள் அடைக்கப்படும்.

இதன்பின் விலைகள் ஏறிய வேகம் வியப்பூட்டுவது. 2019 பிப்ரவரியில் ஒட்டுவில்லை கொண்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 1,00,150 டாலருக்கு விற்றது. 2020 ஜூலையில் மற்றொரு படி 1,14,000 டாலர். நவம்பரில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' 1,56,000 டாலர். 2021 ஏப்ரலில் மீண்டும் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 6,60,000 டாலர். அவ்வாண்டு ஜூலையில் 'தி லெஜெண்ட் ஆஃப் செல்டா' 8,70,000 டாலருக்குப் போனது. இரண்டு நாள் கழித்து 'சூப்பர் மாரியோ 64' 15.6 லட்சம் டாலரைத் தொட்டது. ஆகஸ்டில், ஒரு பொருளைப் பங்குகளாகப் பிரித்துப் பலருக்கு விற்கும் ராலி என்ற தளத்தின் வழியே 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 20 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

இப்பட்டியலில் 'சூப்பர் மாரியோ 64' தனியே நோக்கத்தக்கது. 1996-இல் வெளிவந்த அது ஏறத்தாழ 1.2 கோடிப் படிகள் விற்றது. பிரிக்கப்படாத படிகளும் அதற்கு இல்லாமலில்லை. 9.8 என்ற மதிப்பெண்ணும் மிகச்சிறந்த உறைத் தரமும் சேர்ந்ததற்கே அந்த விலை. அதாவது, அங்கே விற்றது ஆட்டமன்று, மதிப்பெண். நீண்டகாலச் சேகரிப்பாளர்கள் பலர் ஐயமுற்றது இந்த இடத்தில்தான்.

2019-இல் அந்த முதல் லட்ச டாலர் படியைக் கூட்டாக வாங்கியவர்களுள் ஒருவர், பிந்தைய பெரிய ஏலங்களை நடத்திய ஹெரிடேஜ் நிறுவனத்தின் இணை நிறுவனர் என்பது அப்போதே செய்தியாக வந்தது. 2021-இல் இணைய ஆய்வாளர்கள் சிலர், தரமிடுவோருக்கும் ஏலமிடுவோருக்கும் உள்ள நெருக்கம் விலையை ஊதிப் பெருக்கியதாகக் குற்றஞ்சாட்டினர். இரு நிறுவனங்களும் இதை மறுத்தன. 2022 மே மாதத்தில் வாட்டா நிறுவனத்தின் மேல் கலிபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். குற்றச்சாட்டு ஒருபுறம் இருக்க, உச்சியில் வாங்கிய விலைக்குத் திரும்ப விற்க முடியாத நிலை விரைவிலேயே வந்தது. கொள்ளைநோய்ப் பொதுமுடக்கத்தின்போது ஏறிய சாதாரணக் கேசட்டுகளின் விலையும் ஓரளவு இறங்கியது. ஆனால் ஆடுவதற்காக வாங்குவோர் எப்போதும் இருப்பதால் அவ்விறக்கம் கடுமையானதன்று.

போலிகள்

விலை ஏறினால் போலியும் வரும். கேம்பாய் கருவிகளுக்கான 'போக்கிமான்' கேசட்டுகளில் போலிகள் ஏராளம். ஒட்டுத்தாளின் அச்சு மங்கியிருத்தல், பிளாஸ்டிக்கின் நிறம் மாறுபடுதல் ஆகியவை முதல் அறிகுறிகள். ஐயமிருந்தால் கேசட்டைத் திறந்து உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையைப் பார்ப்பதே உறுதியான வழி. அசலில் நிண்டெண்டோவின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். என்.இ.எஸ். போன்றவற்றின் பல கேசட்டுகளில் சாதாரணத் திருப்புளி பொருந்தாத தனிவகைத் திருகுகள் உள்ளன. 3.8 மில்லிமீட்டர் அளவுள்ள அதற்கான கருவி மலிவாகவே கிடைக்கிறது. விற்பவர் கேட்கும் விலையை நம்பாமல், உண்மையில் விற்று முடிந்த விலைகளைத் தொகுத்துத் தரும் தளங்களைப் பார்த்துக்கொள்வதும் வழக்கம்.

பேணுதல்

முன்னேற்றத்தைச் சேமிக்கும் வசதியுள்ள பழைய கேசட்டுகளுக்குள் பொத்தான் வடிவ லித்தியம் மின்கலம் உள்ளது. அது பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஆட்டம் ஓடும், சேமித்தது மட்டும் நிற்காது. பற்றவைத்த பழைய மின்கலத்தை நீக்கிப் புதியதைப் பொருத்தலாம். செகா கேம் கியர் போன்ற கருவிகளில் மின்தேக்கிகள் கசிந்து பலகையை அரிக்கின்றன. வெளிர்நிறப் பிளாஸ்டிக் உடல்கள், தீத்தடுப்புக்காகச் சேர்த்த புரோமின் சேர்மங்களாலும் புறஊதா ஒளியாலும் மஞ்சளாகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெளுக்கச் செய்வோர் உண்டு. ஆனால் மஞ்சள் திரும்பவும் வரக்கூடும்.

'டக் ஹன்ட்' ஆட்டத்தின் துப்பாக்கி இன்றைய தட்டைத் திரைகளில் வேலை செய்யாது. பழைய படக்குழாய்த் திரை ஒளிரும் விதத்தை நம்பியே அது இலக்கை அறிகிறது. அதனால் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டிய தொலைக்காட்சிப் பெட்டிகளும் இன்று தேடப்படுகின்றன.

இவ்வாறு தனியார் பேணுவது வெறும் ஆசைக்காக மட்டுமன்று. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று சட்டப்படி கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. நியூயார்க் மாநிலம் ரோசெஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் தேசிய விளையாட்டு அருங்காட்சியகம் போன்ற சில நிறுவனங்களே முறையாகத் தொகுக்கின்றன. அக்ரிலிக் பேழைக்குள் அடைபட்ட 'செல்டா'வின் மின்கலமும் உள்ளே தீர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதை மாற்ற யாரும் உறையைப் பிரிக்கப் போவதில்லை.

தமிழ்நாட்டில்

இங்கே 1990-களில் குழந்தைகள் ஆடியவை பெரும்பாலும் அசல் நிண்டெண்டோ அல்ல. 1983-இல் ஜப்பானில் வந்த ஃபாமிகாம் கருவியைப் பின்பற்றி, சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் முதலிய பெயர்களில் விற்றவையே வீடுகளுக்கு வந்தன. கார்ட்ரிட்ஜ் என்ற சொல் இங்கே யாருக்கும் பழக்கமில்லை, அது கேசட்தான். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி அடியில் ஊதிச் செருகுவது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். உண்மையில் பயன் தந்தது மீண்டும் செருகியதே. ஊதிய ஈரக்காற்று செப்புத் தொடுமுனைகளை நாளடைவில் அரிக்கவே செய்தது.

இந்தக் கேசட்டுகளில் 60 தொடுமுனைகள் உள்ளன. எனவே 72 தொடுமுனை கொண்ட அமெரிக்க என்.இ.எஸ்.-இல் நேரடியாகப் பொருந்தாது. ஜப்பானிய ஃபாமிகாமில் பொருந்தும். ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் என்று ஒட்டியிருந்தாலும், உள்ளே சில பத்து ஆட்டங்களே திரும்பத் திரும்ப வேறு பெயரில் வரும். பன்னாட்டு ஏலச் சந்தையில் இவற்றுக்குப் பெரிய விலை இல்லை. ஆயினும் இத்தகைய படிக் கருவிகளை மட்டுமே நாடு வாரியாகச் சேகரிப்பவர்களும் உலகில் உள்ளனர். அவர்களுக்குக் கருவியைவிட, தமிழ்நாட்டுப் பரண்களில் எங்கோ கிடக்கும் அச்சட்டைப் பெட்டியும் விலைச்சீட்டும் கடை ரசீதுமே கிடைத்தற்கரியவை.