சொகுசுக் கப்பலில் சொந்த ஒயின்

அமெரிக்காவின் மயாமி துறைமுகத்தில் கார்னிவல் நிறுவனத்தின் சொகுசுக் கப்பலில் ஏறும் பயணிகள் சிலரின் கைப்பையில் ஓர் ஒயின் பாட்டில் இருக்கும். கள்ளத்தனம் இல்லை நேயர்களே, கப்பல் விதியே அதற்கு இடம் தருகிறது. 21 வயது நிரம்பியவர், ஏறும் நாளில் மட்டும், சீல் உடைக்காத 750 மில்லி பாட்டில் ஒன்றைக் கொண்டுபோகலாம். பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. கையிலேயே இருக்க வேண்டும். அறையில் குடித்தால் செலவில்லை. உணவுக்கூடத்துக்கு எடுத்துப் போனால், தக்கையைத் திறந்து பரிமாற 15 டாலர் அளவில் கட்டணம். சொந்தச் சரக்குக்கே கூலியா என்று முணுமுணுப்பவர்களும் உண்டு.

விஸ்கி, ரம், பீர் எதற்கும் அனுமதியில்லை. பார் விற்பனை கப்பலுக்கு நல்ல வருமானம் அல்லவா! ஆனால் நம்மாட்கள் மட்டுமா கில்லாடிகள்? பயணிகள் சிலர் தண்ணீர் பாட்டிலில் வோட்காவை ஊற்றி, மூடியைப் புதிதுபோல் ஒட்டிக் கொண்டுவந்தார்கள். 2015-இல் கார்னிவல் தண்ணீர், குளிர்பான பாட்டில்களையே தடுத்துவிட்டது. டின்னிலும் அட்டைப்பெட்டியிலும் வருபவை மட்டும் ஏறலாம். வழித் துறைமுகங்களில் வாங்கும் மதுவையும் ஊழியர்கள் வாங்கிப் பூட்டிவைத்து, பயணம் முடியும் வேளையில்தான் திருப்பித் தருவார்கள்.