கை முதலில், கால் பிறகு

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பெரும்பாலான ஆட்டத்துண்டுகள், பந்தை வீசும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக்கின் கையில் தொடங்குகின்றன. அந்த இடத்துக்குப் பள்ளி மாணவரைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியாளர் முதலில் எடைபோட வேண்டியது வீச்சைத்தான். ஓட்டத்துக்கு மதிப்பில்லை என்பதல்ல. பந்தைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு நின்றுவிடும் குவார்ட்டர்பேக்கை எதிரணி கண்டுகொள்ளாது. அவரே ஓடக்கூடியவர் என்றால் அவருக்கென ஓர் ஆளை ஒதுக்கியாக வேண்டும். 2010இல் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் கேம் நியூட்டன் 1,473 கெஜம் ஓடித்தானே தேசியப் பட்டம் வாங்கித் தந்தார் என்று கேட்கலாம். ஆனால் அதே ஆண்டு அவர் வீசியதில் 66 சதவீதம் கூட்டாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வீச்சுக்குப் பயந்து பின்தள்ளி நிற்கும் எதிரணிதான் ஓட இடம் விடும்.

ஓட்டக் கணக்கே கொஞ்சம் ஏமாற்றும். பந்தோடு பின்னால் மடக்கப்பட்டு இழக்கும் கெஜங்களையும் கல்லூரிக் கணக்கில் குவார்ட்டர்பேக்கின் ஓட்டத்திலேயே கழிக்கிறார்கள். தொழில்முறை ஆட்டத்தில் அப்படியில்லை. அந்தக் கழிவு போக, 2019இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜோ பர்ரோ ஓடியது 368 கெஜம்தான், வீசியதோ 60 டச்டவுன். பாய்ந்து வருபவரிடமிருந்து ஓர் எட்டு விலகி, பார்வையைத் தாழ்த்தாமல் வீசத் தெரிந்தவர். பள்ளி வீடியோவில் தேட வேண்டியது அந்த ஓர் எட்டைத்தான். எண்பது கெஜ ஓட்டம் தானாகவே கண்ணில் படும்.