கூடித் திறந்த பூட்டு

சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சுற்றியுள்ள ஊராட்சிகளுள் ஒன்று மாரமங்கலம். அந்த மலையில் மூடுபனி இறங்கிவிட்டால், பத்தடி தள்ளி நிற்கும் சில்வர் ஓக் மரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு நாளில் உங்களை மாரமங்கலத்தில் இறக்கிவிட்டு, “இந்த மலையின் மிக உயர்ந்த உச்சிக்குப் போய்ச் சேருங்கள்” என்கிறோம். பாதை தெரியாது. உச்சி எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் தெரியாது. என்ன செய்வீர்கள்?

ஒரு வழி உண்டு. நான்கு பக்கமும் காலால் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தரை சற்று உயர்கிறதோ அந்தப் பக்கம் ஓர் அடி வையுங்கள். மறுபடியும் தடவுங்கள், மறுபடியும் ஓர் அடி. எந்தப் பக்கமும் தரை உயராத இடம் வந்தால் நின்றுவிடுங்கள். நிற்பது ஏதோ ஓர் உச்சியில்தான். ஆனால் அது சேர்வராயன் கோவில் இருக்கும் உயரமா, அல்லது வழியில் குறுக்கிட்ட ஒரு சின்னக் கரடா? அங்கே நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியாது. ஆகவே கீழே இறங்கி, வேறோர் இடத்திலிருந்து மீண்டும் ஏற வேண்டும். நாற்பது நண்பர்கள் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் நாகலூரிலிருந்தும், ஒருவர் மஞ்சக்குட்டையிலிருந்தும், மற்றவர்கள் வேறு வேறு இடங்களிலிருந்தும் ஏறட்டும். எல்லாருக்கும் மேலே நிற்பவரே வென்றவர்!

விளையாட்டுப் போலத் தோன்றும் இந்த முறைக்குக் கணிப்பொறி வல்லுநர்கள் ‘மலையேற்ற முறை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதைக் கொண்டுதான், 63 ஆண்டுகளாக உடைபடாமல் கிடந்த ஒரு போர்க்காலச் சங்கேதச் செய்தியை 2006-ஆம் ஆண்டில் படித்தார்கள். படித்தவர்கள் உளவுத்துறையினர் அல்லர். வீட்டுக் கணிப்பொறியை வைத்திருந்த சாதாரண மக்கள்!

அச்செய்தியைப் பூட்டியது எனிக்மா என்ற ஜெர்மானிய இயந்திரம். பார்ப்பதற்குத் தட்டச்சுப் பொறி போல இருக்கும். ஓர் எழுத்தை அழுத்தினால் மின்னோட்டம் முதலில் முன்புறத்திலுள்ள செருகுப் பலகைக்குச் செல்கிறது. அங்கே பத்துக் கம்பிகள், இருபது எழுத்துகளை இரண்டிரண்டாக இடம் மாற்றுகின்றன. பிறகு மின்னோட்டம் சுழலும் சக்கரங்களுக்குள் புகுந்து, ஒவ்வொன்றிலும் வேறு எழுத்தாக மாறி, கடைசியில் ஒரு திருப்பியில் மோதி, வேறு வழியாகத் திரும்பி வந்து, மறுபடியும் செருகுப் பலகையைக் கடந்து, ஒரு சிறு விளக்கை எரியச் செய்கிறது. அந்த விளக்கின் எழுத்தே சங்கேத எழுத்து. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் வலப்பக்கச் சக்கரம் ஒரு பல் நகர்ந்துவிடும். எனவே ஒரே எழுத்தை இருமுறை அழுத்தினாலும் பெரும்பாலும் வெவ்வேறு விளக்குகள் எரியும்.

இதன் உட்புற இணைப்பை 1932-இல் கணக்கிட்டு வெளிக்கொணர்ந்தவர் போலந்து நாட்டுக் கணித அறிஞர் மரியான் ரெயெவ்ஸ்கி. 1939 ஜூலையில் போலந்து தன் கண்டுபிடிப்புகளை ஆங்கிலேயரிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் ஒப்படைத்தது. இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டூரிங் வடிவமைத்த ‘பாம்’ என்ற சோதனைப் பொறியை, கார்டன் வெல்ச்மன் சொன்ன ஒரு திருத்தம் பன்மடங்கு வேகமாக்கியது. (டூரிங்கின் தாயார் நம் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் 1881-இல் பிறந்தவர், தாய்வழிப் பாட்டனார் சென்னை மாகாண இரயில்வேயில் தலைமைப் பொறியாளர். போத்தனூர் சந்திப்பைக் கடக்கும்போது எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்!)

ஆனால் 1942 பிப்ரவரியில் அட்லாண்டிக் கடலிலிருந்த ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் நான்கு சக்கர எனிக்மாவுக்கு மாறின. பிளெட்ச்லி பார்க் ஏறக்குறையப் பத்து மாதம் குருடாகிப் போயிற்று. உணவும் எண்ணெயும் ஏற்றிவந்த வணிகக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின.

அந்த இருட்டு எப்படி விலகியது? 1942 அக்டோபர் 30 இரவு, எகிப்தின் போர்ட் சைது துறைமுகத்துக்கு அப்பால், அடிபட்டு மூழ்கிக்கொண்டிருந்த யு-559 என்ற நீர்மூழ்கிக்குள் ‘பெடார்டு’ கப்பலைச் சேர்ந்த டோனி ஃபாசனும் காலின் கிரேசியரும் இறங்கினார்கள். உள்ளிருந்த குறிப்பேடுகளை எடுத்து, டாமி பிரவுன் என்ற 16 வயதுச் சிறுவனிடம் மேலே கொடுத்தார்கள். பிரவுன் தப்பினான். மற்ற இருவரும் நீர்மூழ்கியோடு ஆழத்துக்குப் போய்விட்டார்கள். வந்த ஏடுகளில் ஒன்று, வானிலைச் செய்திகளைச் சுருக்கி எழுதும் கையேடு. வானிலை அனுப்பும்போது ஜெர்மானியர் நான்காம் சக்கரத்தை ஒரு குறிப்பிட்ட நிலையில் வைத்ததால், இயந்திரம் பழைய மூன்று சக்கரப் பொறியைப் போலவே நடந்துகொண்டது. கையேடு கையிலிருந்ததால், ‘இந்தச் செய்தியில் இன்ன எழுத்துகள் இருக்க வேண்டும்’ என்று ஊகிக்கவும் முடிந்தது. டிசம்பர் 13-இல் பூட்டு திறந்தது.

அதற்காக எல்லாச் செய்திகளும் படிக்கப்பட்டுவிடவில்லை. உடைபடாமல் நின்ற மூன்றை, வரலாற்று ஆய்வாளர் ரால்ஃப் எர்ஸ்கின் 1995-இல் ‘கிரிப்டோலாஜியா’ என்ற ஆய்விதழில் வெளியிட்டார். கையேடும் இல்லை, ஊகச் சொல்லும் இல்லை. முதற்செய்தியில் இருந்தவை சுமார் 230 எழுத்துகள், அவ்வளவே.

இனிச் சற்றுக் கணக்குப் போடுவோமா? செருகுப் பலகையில் பத்துக் கம்பிகளைச் செருகும் வழிகள் சுமார் 150 இலட்சம் கோடி. சக்கரங்களுக்கு வருவோம். எட்டில் மூன்றைத் தேர்ந்து வரிசைப்படுத்த 8 × 7 × 6 = 336 வழிகள். நான்காவதான மெல்லிய சக்கரத்தில் இரண்டு வகை, திருப்பியில் இரண்டு வகை. நான்கு சக்கரங்களின் தொடக்க நிலைகள் 26 × 26 × 26 × 26 = 4,56,976. எல்லாவற்றையும் பெருக்கினால் 61 கோடியே 41 இலட்சத்துக்குச் சற்று மேல். அப்படியானால் செருகுப் பலகைதான் வலிய பூட்டு, சக்கரங்கள் எளிய பூட்டு என்றுதானே சொல்வீர்கள்? வேடிக்கை இங்கேதான் இருக்கிறது. உண்மை நேர்மாறானது!

காரணத்தைத் தமிழிலேயே காண்போம். ‘மலைப்பாதையில் பனி பெய்கிறது’ என்ற வாக்கியத்தில் ப-வையும் ல-வையும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். அதேபோல் க-வையும் ம-வையும் மாற்றுங்கள். உயிர்க்குறிகளைத் தொட வேண்டாம். இடைவெளியையும் நீக்கிவிட்டால் கிடைப்பது இது:

கபைல்லாதையிப்லனிலெய்மிறது

ஒன்றும் புரியவில்லை அல்லவா? ஆனால் இலக்கண வகுப்பில் படித்த மெய்ம்மயக்கத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். க், ச், த், ப் ஆகிய மெய்களுக்குப் பின் அதே மெய்தான் வரும் (‘பக்தி’, ‘சப்தம்’ போன்ற வடசொற்கள் நீங்கலாக). இங்கோ ‘ப்ல’ என்று வந்திருக்கிறது! ஆகவே ப-வின் மீது ஐயம் எழுகிறது. ப-வையும் ல-வையும் மட்டும் திரும்ப மாற்றிப் பாருங்கள்:

கலைப்பாதையில்பனிபெய்மிறது

க-ம மாற்றம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆயினும் பாதி வெளிச்சம் வந்துவிட்டது. ‘கிறது’ என்ற மூன்றெழுத்துத் தொடர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இருக்கும். ‘மிறது’ எங்கேயாவது உண்டா? அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதும் தெரிந்துவிட்டது. ஜெர்மன் மொழியிலும் இதே கதைதான். எந்த மூன்றெழுத்துத் தொடர் எத்தனை முறை வரும் என்ற பட்டியலைக் கணிப்பொறியிடம் கொடுத்துவிட்டால், அது ஒவ்வொரு விடைக்கும் மதிப்பெண் போடும். மதிப்பெண் உயர்ந்தால் தரை உயர்கிறது என்று பொருள்.

எனிக்மாவில் எழுத்து செருகுப் பலகையை இருமுறை கடப்பதால் ஏற்றம் தொடக்கத்தில் மெதுவாகவே இருக்கும். சக்கரங்கள் சரியாக அமைந்து, கம்பி ஒன்றுகூடச் செருகாவிட்டால் நூற்றுக்கு ஏறத்தாழ 5 எழுத்துகள் சரியாக வரும். ஐந்து கம்பிகள் சரியானால் 38. எட்டுக் கம்பிகள் சரியானால் 72. சரிவு இருக்கிறது, ஏறலாம். 150 இலட்சம் கோடி வழிகளில் மிகச் சிலவற்றைத் தொட்டாலே போதும். (இயற்பியலில் நாங்கள் இதையே தலைகீழாகச் செய்கிறோம். அணுக்களை எப்படி அடுக்கினால் ஆற்றல் மிகக் குறையும் என்று உச்சிக்குப் பதில் பள்ளத்தைத் தேடுவோம். அங்கும் பொய்ப் பள்ளங்களில் விழுந்து எழ வேண்டியிருக்கும்.)

சக்கரங்களோ மலையல்ல, பாழ்வெளி. வலப்பக்கச் சக்கரத்தை ஒரு பல் தவறாக வைத்தாலும் செய்தி முழுவதும் குப்பையாகிவிடும். நூறு பல் தவறானாலும் அதே குப்பைதான். ‘நெருங்கிவிட்டாய்’ என்று எதுவும் சொல்லாது. அந்த வெளியில் எங்கோ ஒரே ஒரு கிணறு இருக்கிறது; பனியில் தேடுகிறீர்கள். ஒவ்வோர் அடியையும் மிதித்துத்தான் பார்க்க வேண்டும். இதற்குப் புத்திசாலித்தனம் பெரிதாக உதவாது. கால்கள்தான் வேண்டும், நிறையக் கால்கள்!

ஒரு கணிப்பொறி விநாடிக்கு 100 சக்கர அமைப்புகளைச் சோதிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 61 கோடிக்கு 71 நாள் ஆகும். சக்கரத்தின் வெளிவளையத்தையும் நகர்த்தி வைக்கலாம் என்பதால் ஒரு வளையத்துக்கு மட்டும் இதை 26 மடங்காக்குங்கள்: ஐந்து ஆண்டு! அதுவும் ஒரே ஒரு சுற்றுக்கு. ஒவ்வோர் அமைப்பிலும் நடக்கும் மலையேற்றம் ஏதேனும் கரட்டில் நின்றுபோகலாம்; அப்போது மறுசுற்று வர வேண்டும். அதே வேலையை 100 பேர் பங்கிட்டால் ஒரு சுற்று 18 நாளில் முடியும். ஒருவருடைய பங்குக்கும் மற்றவருடைய பங்குக்கும் தொடர்பே இல்லாததால், நடுவில் எவரும் எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

2006-இன் தொடக்கத்தில் ஸ்டெஃபான் கிரா என்பவர் இதைத்தான் செய்தார். ஜெர்மனியில் பிறந்த இவர் ஒரு வயலின் கலைஞர். மலையேற்ற முறையையும் பாழ்வெளித் தேடலையும் இணைத்து ஒரு நிரலை எழுதி, ‘எம்4 திட்டம்’ என்று பெயரிட்டு, இணையத்தின் வழியே உதவி கேட்டார். சில பத்துப் பேருடன் தொடங்கியது. விரைவில் சுமார் 2,500 கணிப்பொறிகள் சேர்ந்தன. ஒவ்வொன்றும் தன் பங்கை வாங்கிச் சோதித்து, தனக்குக் கிடைத்த உயர்ந்த மதிப்பெண்ணைத் திருப்பி அனுப்பியது. பிப்ரவரி 20-ஆம் நாள் ஒரு மதிப்பெண் மற்றவற்றைவிட மிக உயர்ந்து நின்றது. அது குப்பையல்ல, ஜெர்மன் மொழி!

1942 நவம்பரில் யு-264 நீர்மூழ்கியின் தலைவர் ஹார்ட்விக் லூக்ஸ் அனுப்பிய செய்தி அது. தாக்குதலின்போது நீருக்குள் மூழ்க நேர்ந்தது, ஆழ்குண்டுகள் வீசப்பட்டன, எதிரியைக் கடைசியாக 8.30 மணிக்குக் கண்டோம், அவன் 220 பாகைத் திசையில் செல்கிறான், தொடர்கிறோம் என்கிறது. கூடவே காற்றழுத்தம் குறைகிறது, வடவடகிழக்குக் காற்று என்ற வானிலைக் குறிப்பு. மார்ச் 7-இல் இரண்டாவது செய்தியும் உடைந்தது. யு-623-இன் தலைவர் ஷ்ரோடர், தேடிய கப்பற்கூட்டம் கிடைக்கவில்லை, வானம் முழுவதும் மேகம், மூடுபனி, பார்வைத்தூரம் ஒரு கடல்மைல் என்று எழுதியிருந்தார். அந்த நீர்மூழ்கி 1943 பிப்ரவரியில் மூழ்கடிக்கப்பட்டது, ஒருவரும் திரும்பவில்லை. யு-264-உம் 1944 பிப்ரவரியில் மூழ்கியது. அதிலிருந்தவர்கள் அனைவரும் பிழைத்தார்கள். மூன்றாவது செய்தி 2013 ஜனவரி வரை முரண்டு பிடித்தது.

நீங்களும் ஒரு பூட்டைத் திறந்து பாருங்கள். கீழே உள்ள செய்தியில் மூன்று இணை மெய்கள் இடம் மாற்றப்பட்டுள்ளன, இடைவெளி இல்லை.

காட்டிச்செபிடூல்லுமிப்பலுவழைமந்லாத்நத்தலு

பதினெட்டு மெய்களில் இரண்டைத் தேர்ந்து மாற்றும் வழிகள் 153. வகுப்பில் ஒன்பது பேர் சேர்ந்தால் ஆளுக்குப் பதினேழு. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மெய்ம்மயக்கத்துக்கு ஒவ்வாத இடங்களை எண்ணி, குறைந்த எண்ணிக்கை கிடைத்தவர் கையை உயர்த்தட்டும். அவருடைய விடையிலிருந்து எல்லாரும் அடுத்த அடியைத் தொடங்குங்கள். ‘ந்லா’, ‘த்ந’ ஆகிய இரண்டையும் முதலில் கவனியுங்கள். செய்தி வெளிவந்தபின், மழையைப் பற்றி அது ஏன் அப்படிச் சொல்கிறது என்பதை மாரமங்கலத்துத் தோட்டக்காரர் எவரையாவது கேட்டால் விளக்குவார்.