டெனாலியில் வண்டியை நிறுத்திவிடுங்கள்

அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவுக்கு ஆர்.வி. எனும் வீட்டு வண்டியில் தனியாகப் போகிறவர்கள் முதலில் கேட்பது, ‘கரடி வந்தால் என்ன செய்வது?’ அதற்கு வருவோம். முதலில் வண்டியை எங்கே நிறுத்துவது என்று பேசிவிடலாம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், இது கொஞ்சம் நீளும்.

சுமார் 24,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு உள்ளே போக இருப்பது 92 மைல் நீளத்தில் ஒரே சாலை. கோடையில் சொந்த வண்டியை 15ஆவது மைலில் இருக்கும் சாவேஜ் ஆறு வரைதான் விடுவார்கள். அதற்கு மேல் பூங்காவின் பஸ். இதற்கு ஒரு விலக்கு உண்டு: 29ஆவது மைலில் இருக்கும் டெக்லனிகா முகாமில் இடம் பதிந்திருந்தால் ஆர்.வி.யை அதுவரை ஓட்டிப்போகலாம். ஆனால் குறைந்தது மூன்று இரவு தங்க வேண்டும். நிறுத்திய வண்டியைக் கிளம்பும் நாள் வரை எடுக்கக் கூடாது.

நினைத்த இடத்துக்கு ஓட்டிப்போகத்தானே ஆர்.வி. என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நியாயம்தான். ஆனால் காரணத்தைக் கேளுங்கள். 1971இல் ஆங்கரேஜ் பக்கத்திலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை நெடுஞ்சாலை திறந்தது. கார்கள் வந்து குவியும் என்று பயந்த பூங்கா நிர்வாகம், மறு ஆண்டே தனியார் வண்டிகளை மறித்து பஸ் விட்டது. வண்டி குறைவாக ஓடுவதால்தான் அங்கே கரடி சாலை ஓரத்தில் பழம் தின்றுகொண்டு நிற்கிறது, கரிபூ மான் சாவகாசமாக சாலையைக் கடக்கிறது. விலங்கு பார்க்கப் போகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தனியாகப் போகிறவருக்கு இது இன்னும் நல்லது. ஓட்டிக்கொண்டே மலைச்சரிவைப் பார்க்க முடியாது. 15ஆவது மைலுக்கு மேல் சரளைச் சாலை வேறு. பஸ்ஸில் ஓட்டுவது ஓட்டுநர் பாடு. தேடுவதற்கு நாற்பது ஜோடிக் கண்கள். யாராவது “நிறுத்துங்க!” என்று சத்தம் போட்டால் பஸ் நிற்கும். “இரண்டு மணிப் பக்கம்” என்பார்கள். பஸ்ஸின் மூக்கு பன்னிரண்டு என்று வைத்து அந்தத் திசையில் பாருங்கள். டெக்லனிகாவில் தங்குபவர்களுக்கு ‘டெக் பாஸ்’ என்று ஒரு சீட்டு உண்டு. ஒருமுறை வாங்கினால், இடம் இருக்கிற பஸ்களில் தங்கும் நாளெல்லாம் ஏறலாம்.

பைனாகுலரைக் கண்டபடி சுழற்றாதீர்கள். ஒரு சரிவை எடுத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக, பட்டை பட்டையாகப் பாருங்கள். டெனாலியின் கிரிஸ்லி கரடிகளில் பல வைக்கோல் நிறம். தூரத்தில் காய்ந்த புல்லோடு கலந்துவிடும். கரடி என்று நினைத்ததில் பாதி கல்லாகத்தான் இருக்கும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். இடம் மாறியிருந்தால் கரடி. உயரத்தில் பாறை இடுக்கில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளுக்கும் இதே சோதனைதான்: நகர்ந்தால் டால் செம்மறி, நகராவிட்டால் பனித்திட்டு. அந்த ஆடுகளை வேட்டைக்காரர்களிடமிருந்து காக்க சார்லஸ் ஷெல்டன் என்ற இயற்கையாளர் போராடியதில்தான் 1917இல் இந்தப் பூங்காவே உருவானது.

இப்போது கரடி. 300 கெஜம், அதாவது சுமார் 275 மீட்டர், தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள்; பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்குங்கள். எனக்கென்னவோ மூஸ் என்ற பெரிய மானைப் பற்றித்தான் அதிகக் கவலை. சாது என்று நினைத்து ஆட்கள் கிட்டே போய்விடுகிறார்கள். குட்டியோடு நிற்கும் தாய் காதைப் பின்னால் மடக்கினால் உதைக்கப்போகிறது என்று அர்த்தம். அப்போது ஓடலாம், ஓட வேண்டும். ஒரு மரத்தை இடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்லனிகாவில் மின் இணைப்பு கிடையாது, செல்போன் சிக்னலும் கிடையாது. தண்ணீர்த் தொட்டியை நுழைவாயில் பக்கமே நிரப்பிக்கொள்ளுங்கள். சமைத்த மிச்சம், குளிர்பெட்டி, பற்பசை எல்லாம் வண்டிக்குள் பூட்டியிருக்க வேண்டும். என்றைக்குத் திரும்புவீர்கள் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்; தனியாகப் போகிறவர் இதை மட்டும் மறக்கக் கூடாது.

2021 ஆகஸ்டில் மலைச்சரிவு நகர்ந்து சாலை 43ஆவது மைலில் மூடப்பட்டது. சரிவு நகர்ந்த இடத்தில் பாலம் கட்டும் வேலை எடுத்திருக்கிறார்கள். இடம் பதியும்போதே பஸ் எதுவரை போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஆகஸ்ட் கடைசி: கொசு குறைந்திருக்கும், பழம் பழுத்திருக்கும், கரடிகள் பகலெல்லாம் தின்றுகொண்டிருக்கும்.