பனிமேல் விழுந்த பழி

கொழும்பிலிருந்து மலையேறி வரும் பெருவீதி பெரகல சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளையை நோக்கிச் செல்கிறது; மற்றொன்று கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்குகிறது. பஸ் வண்டியிலிருந்து அங்கே இறங்கும் வெளியூரார், "எத்துணைத் தூய காற்று!" என்று மெச்சுவதுண்டு. ஆயின் அதே மலைச்சரிவின் லயங்களில் விடியுமுன் எழும் ஓசை, இருமலின் ஓசையாகும். காரணம் கேட்டால், "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்பதே வழக்கமான விடை. இப்பழி பனிக்கு உரியதுதானா என்பதை, நேயர்களே, சற்று ஆராய்ந்து பார்த்தல் நலம்.

விடியற்காலையில் தாய் எழுகிறாள். கவ்வாத்து வெட்டிய தேயிலையின் கிளைகளாகிய மிலாறை அடுப்பில் வைத்து மூட்டுகிறாள். குளிருக்கு அஞ்சிக் கதவும் சன்னலும் அடைத்திருக்கின்றன. ரொட்டி சுட்டு, தேநீர் வைத்து, பிரட்டுக்குப் புறப்படும் வரையில் அவள் அப்புகையிலேயே நிற்கிறாள். தொட்டிலில் உறங்கும் குழந்தையும், அடுப்பு வெளிச்சத்தில் பாடம் படிக்கும் சிறுமியும் அதையே சுவாசிக்கின்றனர்.

விறகு முற்றாக எரியாதபோது இரு தீங்குகள் பிறக்கின்றன. ஒன்று நுண்துகள். 2.5 மைக்கிரோமீற்றருக்கும் குறைந்த இத்துகள், தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே ஆகும். மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் இதனைத் தடுப்பதில்லை. நுரையீரலின் ஆழத்தில் சென்று தங்குகிறது. மற்றொன்று நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு. இது குருதியிலே ஒட்சிசனுக்குரிய இடத்தைக் கவர்ந்துகொள்கிறது. இரத்தச்சோகையுடைய கருவுற்ற தாய்க்கு இஃது இரட்டைச் சுமை. அவள் வயிற்றுப் பிள்ளையின் நிறை குறைவதற்கும் இது காரணமாகலாம்.

ஒருவர் உடலுக்குள் செல்லும் மாசு எவ்வளவு என்பதை ஊரின் காற்றை அளந்து மட்டும் அறிய இயலாது. எங்கே, எவ்வளவு மாசு, அங்கே எத்தனை மணிநேரம் என்ற இரண்டையும் பெருக்கிக் கூட்டுதல் வேண்டும். உவமைக்காக ஒரு கணக்கைக் கொள்வோம். அடுப்படியில் கன மீற்றருக்கு 600 மைக்கிரோகிராம் நுண்துகள் உண்டென வைத்து, தாய் அங்கே 4 மணிநேரம் நிற்கிறாள் எனலாம். கொழுந்து மலையில் 20 மைக்கிரோகிராம், 8 மணிநேரம். எஞ்சிய 12 மணிநேரம் வீட்டில் 50 மைக்கிரோகிராம். ஒரு நாளின் சராசரி ஏறத்தாழ 132 ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வழிகாட்டலின்படி 24 மணிநேரச் சராசரி 15ஐத் தாண்டலாகாது. அவள் ஏற்ற மாசில் நான்கில் மூன்று பங்கு அந்த நான்கு மணிநேரத்தில் வந்ததே என்பதும் இக்கணக்கிலே புலனாகும். மலைக்காற்று எவ்வளவு தூயதாயினும் அடுப்படியை ஈடுசெய்வதில்லை.

இவ்வுண்மையை அளந்து காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்க விஞ்ஞானி கேர்க் ஸ்மித். 1980களின் தொடக்கத்தில், இந்திய அறிஞர்களோடு சேர்ந்து, குஜராத்தின் கிராமங்களில் சமைக்கும் பெண்களுக்கே சிறு அளவைக் கருவிகளை அணிவித்து ஆராய்ந்தார். வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

அவ்வாறாயின், புகையை வெளியே அனுப்பிவிட்டால் போதாதோ எனலாம். குவாத்தமாலாவின் மலைநாட்டில் 2002இல் தொடங்கிய ஆய்வொன்று இதற்கு விடை கூறுகிறது. புகைபோக்கியுள்ள அடுப்பினால் அடுப்படியின் காபனோரொட்சைட்டு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தது. குழந்தைகள் சுவாசித்த அளவோ ஏறத்தாழ பாதியே குறைந்தது. மனிதர் அடுப்படியில் மட்டும் வாழ்வதில்லை. வெளியே சென்ற புகையும் உடனே ஊரைவிட்டு நீங்குவதில்லை.

லயத்தில் இது கண்கூடு. ஒரே கூரையின்கீழ்ப் பல காம்பராக்கள். ஒரு வீட்டின் புகை இஸ்தோப்பு வழியே அடுத்த வீட்டுக்குள் நுழைகிறது. இரவில் நிலம் குளிர, அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப் பள்ளங்களில் தேங்குகிறது. மேலே வெப்பக்காற்று மூடிபோல் நிற்க, புகை உயர வழியில்லை. பனி காணப்படும் காலையிலேயே புகையும் தங்குவதால், பழி பனிமேல் விழுந்தது. தொலைவிலிருந்தும் மாசு வருவதுண்டு. 2022 டிசம்பரில் அயல்நாட்டு மாசுக்காற்று இலங்கை வானை மூடியதும் நினைவிருக்கும்.

எரிவாயு அடுப்பு சிறந்த மாற்றே. ஆயினும் 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடையாமையால் நகரத்தாரும் விறகுக்குத் திரும்பினர். எனவே விறகடுப்பையே திருத்துதல் இன்றும் வீண்முயற்சியன்று. ஈர மிலாறு மிகுந்த புகையைக் கக்கும். மழைக்கு முன்பே வெட்டி, கூரையின்கீழ் உலர்த்துதல் வேண்டும். பொலித்தீனையும் உரப்பையையும் கொண்டு தீமூட்டுதல் ஆகாது. புகைபோக்கி கூரை முகட்டுக்கு மேலே உயர்ந்திருத்தல் வேண்டும். அதன் கரியை அடிக்கடி நீக்குதல் வேண்டும். பயறு, கடலையை முன்னிரவே ஊறவைத்து, பானையை மூடிச் சமைத்தால் அடுப்பெரியும் நேரம் சுருங்கும். சமைக்கும் வேளையில் சன்னலைத் திறந்து, தொட்டிலை வேறிடம் மாற்றுதல் செலவில்லாத மருந்து.

இவை தாய் ஒருத்தியின் கடமை மட்டுமல்ல. விறகை உலர்த்துவதும் புகைபோக்கியைத் துப்புரவு செய்வதும் வீட்டு ஆடவர்க்கும் உரிய வேலைகளே. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு எழுப்புவோர், சமையலறைக்குக் காற்றோட்டம் வைப்பதைக் கடைசிச் செலவாக எண்ணலாகாது. மலைமேல் வரும் பனி, கதிரவன் எழுந்ததும் தானே விலகும். வீட்டுக்குள் தேங்கிய புகையை விலக்க மனிதர் கையே எழ வேண்டும்.