மூன்று நாட்டு வழக்கும் இரண்டு கிரெடிட்டும்

பட்டப் படிப்பு என்பது ஏதேனும் ஒரு துறையில் தேர்ச்சி பெறுவது மட்டுமே என்றால், நாகர்கோவிலில் இயற்பியல் படிக்கும் மாணவி நான்கு பருவங்கள் தமிழும் ஆங்கிலமும் படிக்க வேண்டியதில்லை. மார்த்தாண்டத்தில் வணிகவியல் படிக்கும் மாணவர் சுற்றுச்சூழல் கல்வியில் தேர்வெழுத வேண்டியதுமில்லை. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகள் அனைத்திலும் அப்படிப் படித்தும் எழுதியும் தீர வேண்டியிருக்கிறது. எந்தப் பாடத்தை எடுத்துச் சேர்ந்தாலும் எல்லா மாணவரும் கட்டாயம் கற்க வேண்டியவை எவை என்று ஒரு கல்லூரி வகுத்து வைக்கும் இந்த ஏற்பாட்டைக் கல்வியாளர்கள் பொதுக்கல்வி என்பர். கல்லூரி யாருக்காக இருக்கிறது, அதிலிருந்து வெளியே வருபவர் என்னவாக வர வேண்டும் என்ற கேள்விக்கு அக்காலத்துச் சமூகம் தரும் விடை, சிறப்புப் பாடங்களைவிட இந்தப் பொதுப் பகுதியில்தான் தெளிவாகத் தெரியும்.

மேலை நாட்டு மரபில் இதன் வேர், உரோமானியர் சுதந்திரக் குடிமகனுக்கு உரியவை என்று கருதிய கலைகளில் இருக்கிறது. இலக்கணம், சொல்லணி, தருக்கம் ஆகிய மூன்றும், எண்கணிதம், வடிவியல், வானியல், இசை ஆகிய நான்கும் சேர்ந்த ஏழு கலைகளை இடைக்கால ஐரோப்பா ஒரு முறையாகத் தொகுத்தது. அடிமைக்குக் கைத்தொழில், குடிமகனுக்கு இக்கலைகள் என்ற பழைய பிரிவினை, சுதந்திரக் கலைகள் என்ற பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. இந்தப் பிரிவினையைச் சுட்டாமல் பொதுக்கல்வியைப் போற்றுவது நேர்மையாகாது. ஏனெனில் அதே பிரிவினை நம் மண்ணிலும் இருந்தது, அதற்குச் செப்பேட்டுச் சான்றும் உண்டு.

முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் ஒரு திருமால் கோயிலை எடுப்பித்தான். முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றாகப் பெற்று, அங்கே காந்தளூர்ச் சாலை என்ற கல்விக்கூடத்தை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு கல்விச்சாலையையும் நிறுவினான். திருவனந்தபுரத்து ஹசூர் கச்சேரியில் இருந்தமையால் ஹசூர் செப்பேடு என்று பெயர் பெற்ற அவனது சாசனம், அச்சாலையில் 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், இருந்து படிக்க வழி செய்கிறது. வேதச் சாகைகளின்படி, அதாவது வேதக் கிளைகளின்படி, அவ்விடங்கள் 45, 36, 14 எனப் பகுக்கப்பட்டிருப்பதைக் காணும்போது, இன்றைய கல்லூரிச் சேர்க்கையில் பாடவாரியாக இடங்கள் ஒதுக்கப்படுவது நினைவுக்கு வராமல் போகாது. சட்டர்கள் ஒருவரையொருவர் வைதால் தண்டம் கட்ட வேண்டும் என்பது போன்ற ஒழுங்கு விதிகளும் அதில் உண்டு.

ஆயினும் அச்செப்பேட்டில் மிக ஊன்றிப் படிக்க வேண்டிய இடம், சட்டராக இடம் பெறுவோருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லும் பகுதியே. ஒவ்வொரு சட்டருக்கும் தத்தம் வேதம் சிறப்புப் பாடம் என்று கொண்டால், அதற்கு மேல் எல்லாச் சட்டருக்கும் பொதுவாக வியாகரணமும் மீமாம்சையும் புரோகிதக் கடமைகளும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது சாசனம். அத்துடன் திரைராஜ்ய வியவகாரத்துக்கு, அதாவது மூன்று நாடுகளின் வழக்கு நடைமுறைகளுக்கு, வேண்டிய அறிவும் இருக்க வேண்டும் என்கிறது. வியாகரணம் மொழியின் அமைப்பைக் கற்பிப்பது. மீமாம்சை ஒரு விதிவாக்கியத்தின் பொருளை ஐயமற நிறுவும் முறையைக் கற்பிப்பது. மூன்று நாடுகள் என்பவை சேர சோழ பாண்டிய நாடுகள் என்று அறிஞர்கள் பொருள் கொள்வர். தென்கோடியில் அமைந்த ஒரு சாலை, தன் மாணவர் அனைவரும் அம்மூன்று நாடுகளின் நடப்பையும் அறிந்திருக்க வேண்டும் என்று விதித்தது, அந்த இடத்தின் தேவையை உணர்ந்து வகுத்த பொதுக்கல்வி ஆகும். மொழி, பொருள் காணும் முறை, ஆட்சி நடைமுறை என்ற இந்த வரிசையில் இன்றைய பாடத்திட்டக் குழு வெட்கப்பட வேண்டியது எதுவுமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறொன்று: அந்த 95 இடங்களும் வேதம் ஓதும் உரிமை பெற்றிருந்த ஒரு சிறு பிரிவினருக்கு மட்டுமே உரியனவாய் இருந்தன, சாலைக்குச் சோறு விளைத்த நிலத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை.

அந்தக் கதவு திறக்க ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆயின. இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1809-இல் மயிலாடியில் தொடங்கிய சிறு கல்விக்கூடம், 1818-இல் சார்லஸ் மீட் வந்தபின் நாகர்கோவிலுக்கு மாறி வளர்ந்தது. 1893-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இரண்டாம் நிலைக் கல்லூரியாகி, பின்னர் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. சமய ஊழியர்களைப் பயிற்றுவதே அதன் முதல் நோக்கம் என்பது உண்மையே. எனினும் மேலாடை அணியும் உரிமைக்காகத் தென்திருவிதாங்கூரில் 1859 வரை போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவ்வுரிமை மறுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகள் மிஷன் பள்ளிகளில் எழுத்தும் கணக்கும் பூகோளமும் கற்றார்கள். ஆள்பவர்க்கு உரியது என்று கருதப்பட்ட பொது அறிவு, ஆளப்படுபவர் தம் நிலையை அறிந்துகொள்வதற்கான கருவியாக மாறியது அப்போதுதான். பொதுக்கல்வியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இம்மாவட்டத்தில் நிகழவில்லை. ஈழத்தில் அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியும் கணிதம், வானியல், தமிழிலக்கியம் ஆகியவற்றை ஒரே மாணவருக்குச் சேர்த்துக் கற்பித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரும், பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியவருமான சி.வை. தாமோதரம் பிள்ளை அங்கே பயின்றவர்.

இரண்டாம் நிலைக் கல்லூரி என்பது பட்டத்துக்கு முந்திய எஃப்.ஏ. வகுப்பு வரை மட்டும் நடத்த உரிமை பெற்ற கல்லூரி. அந்த வகுப்பின் பாடத்திட்டத்தில் ஆங்கிலம், இரண்டாம் மொழி, கணிதம், உடலியல், வரலாறு எனப் பலவும் இருந்தன. ஒன்றில் தவறினாலும் முழுத் தேர்வும் தவறியதாகும். கணிதமேதை இராமானுஜன் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்ததும், பின்னர் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறாமல் போனதும் இந்த விதியால்தான். கணிதத்தில் நிகரற்று விளங்கிய ஒருவர் உடலியலிலும் ஆங்கிலத்திலும் மதிப்பெண் பெறாமையால் கல்லூரிக்கு வெளியே நிறுத்தப்பட்டார். பொதுப் பாடங்கள் வேண்டாம் என்பவர்கள் இன்றளவும் காட்டும் சான்று இதுவே. ஆனால் கணிதம் கற்பவர் உடலியலும் அறிய வேண்டும் என்று எதிர்பார்த்தது அங்கே தவறன்று. அந்த எதிர்பார்ப்பைக் கதவை அடைக்கும் தாழ்ப்பாளாக ஆக்கியதே தவறு. கற்பிக்கும் கடமையைவிட வடிகட்டும் வசதி பெரிதாகிவிடும் இந்த நோய் இன்றும் நீங்கவில்லை.

கட்டாயப் பாடங்களைக் கூட்டுவதா குறைப்பதா என்ற இழுபறி பிற நாடுகளிலும் இருந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட் 1869 முதல் கட்டாயப் பாடங்களைக் குறைத்து மாணவர் விருப்பத்துக்கு வழிவிட்டார். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-இல், கொலம்பியா பல்கலைக்கழகம் சமகால நாகரிகம் பற்றிய பாடத்தை எல்லா மாணவருக்கும் கட்டாயமாக்கியது. ஹார்வர்டே 1945-இல் சுதந்திர சமுதாயத்தில் பொதுக்கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. இந்தியாவிலும், சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, இந்தியப் பட்டதாரி மிக இளமையிலேயே ஒரே துறைக்குள் ஒடுங்கிவிடுவதைக் கண்டு, கலை மாணவருக்கு அறிவியலும் அறிவியல் மாணவருக்குக் கலையும் பொதுக்கல்வியாக வேண்டும் என்று பரிந்துரைத்தது.

அப்பரிந்துரையின் தொலைதூர வாரிசுதான் இன்று மாணவர்கள் பார்ட் ஃபோர் என்று சொல்லும் பகுதி 4. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் பட்டப் படிப்பு ஐந்து பகுதிகளாக அமைந்திருக்கிறது. பகுதி 1 தமிழ் அல்லது வேறொரு மொழி. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மலையாளத்தை எடுப்பவர்களும் உண்டு. பகுதி 2 ஆங்கிலம். பகுதி 3 முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். பகுதி 4-இல் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன் பாடங்கள் ஆகியவற்றோடு, என்.எம்.இ. என்று சுருக்கமாக வழங்கும் பிற துறை விருப்பப் பாடமும் அடங்கும். பகுதி 5 நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு போன்றவை. விருப்பத்தேர்வு கிரெடிட் முறையில் பட்டம் பெறத் தேவையான 140 கிரெடிட்டுகளில், எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டதன் பயனாக எல்லா மாணவருக்கும் கட்டாயமான சுற்றுச்சூழல் கல்விக்குக் கிடைப்பது 2.

இந்த இரண்டு கிரெடிட் எப்படிக் கழிகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் நோய் புரியும். கால அட்டவணையில் முதன்மைப் பாடங்களுக்கு இடம் போட்டு எஞ்சியதில், பெரும்பாலும் மாலை கடைசி மணியில், பல துறை மாணவர்களையும் ஒரே கூடத்தில் சேர்த்து அந்த வகுப்பு நடக்கும். பேருந்துக்கு நேரமாகும் பிள்ளைகளின் கண் கடிகாரத்தின் மேல் இருக்கும். பாடம் எடுப்பவர் பெரும்பாலும் துறையில் மணிக்கணக்கு குறைந்தவராகவோ புதிதாகச் சேர்ந்த கௌரவ விரிவுரையாளராகவோ இருப்பார். தேர்வுக்கு முந்தின இரவு கைமாறும் நோட்ஸில் அமேசான் காடும் ஓசோன் படலமும் இருக்கும். கல்லூரி வாசலிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள குளம் இருக்காது. வகுப்பு நிர்ணயத்துக்கும் மேற்படிப்புச் சேர்க்கைக்கும் பொதுவாகப் பகுதி 3 மதிப்பெண்ணே கணக்கில் வருவதால், அரியர் விழாமல் தாண்டினால் போதும் என்று மாணவர் நினைப்பதில் குற்றம் காண முடியாது. கல்லூரி எதை மதிக்கிறது என்பதை அட்டவணையே அவருக்குச் சொல்லிவிடுகிறது.

இதற்கு ஆசிரியர்களையும் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு துறைக்கு எத்தனை பணியிடம் என்பது வாரத்துக்கு எத்தனை மணி பாடம் என்பதைப் பொறுத்தது. பொதுப் பாடத்தின் மணிகளைக் கூட்டினால் முதன்மைத் துறைகளும், குறைத்தால் மொழித் துறைகளும் பணியிடத்தை இழக்கும். ஆகவே பாடத்திட்டக் கூட்டத்தில் எது கற்பிக்கத் தக்கது என்று தொடங்கும் பேச்சு, யாருக்கு எத்தனை மணி என்ற பேரத்தில் போய் முடிகிறது. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம் பலதுறைப் பாடங்களுக்கும் திறன் பாடங்களுக்கும் கூடுதல் கிரெடிட் தருகிறது. அதைத் தமிழ்நாடு ஏற்பதா மறுப்பதா என்ற விவாதம் ஒருபுறம் இருக்க, கிரெடிட்டைக் கூட்டினாலும் கடைசி மணி கடைசி மணியாகவே இருந்தால் எதுவும் மாறாது.

இம்மாவட்டக் கல்லூரிகள் இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு 1990-இல் இடப்பட்ட மனோன்மணீயம் சுந்தரனார் என்ற பெயரே இதற்கு ஒரு வழி காட்டுகிறது. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். ஆனால் அவர் எழுதியது நாடகம், ஆராய்ந்தது திருவிதாங்கூர்க் கல்வெட்டுகள், அறிவுத்துறைகளை வகைப்படுத்தித் தமிழில் தந்தது நூற்றொகை விளக்கம். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் கவிஞராக மட்டும் நின்றுவிடாமல், காந்தளூர்ச் சாலையைப் பற்றித் தனி நூல் எழுதும் அளவுக்குச் சாசன ஆராய்ச்சியில் இறங்கியவர். இவர்கள் தம் துறையை விட்டு விலகியவர்கள் அல்லர். வாழ்ந்த மண்ணை முழுமையாக அறிய முயன்றபோது ஒரு துறை போதாமல் போனவர்கள்.

ஒரு துறை போதாது என்பதற்கு இம்மாவட்டத்தில் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909-இல் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிவந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அன்று தொடங்கி இன்றளவும் மணவாளக்குறிச்சிக் கரையில் கனிமமணல் எடுக்கப்படுகிறது. அதன் விரிவாக்கம் பற்றிய சர்ச்சையைப் புரிந்துகொள்ளக் கதிரியக்கமும் தெரிய வேண்டும், கடலரிப்பும் தெரிய வேண்டும், கருத்துக்கேட்புக் கூட்டம் பற்றிய சட்டமும் தெரிய வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இக்கரையின் மீனவர்களைக் கொண்டுபோனபோது, வானிலை அறிவிப்பு ஆழ்கடலில் இருந்தவர்களை ஏன் எட்டவில்லை என்ற கேள்வி இயற்பியலோடு நிற்கவில்லை. மொழி, தொலைத்தொடர்பு, நிர்வாகம் எல்லாவற்றையும் தொட்டது. கடற்கரை ஊர்களிலிருந்து வந்து வணிகவியலோ ஆங்கிலமோ படிக்கும் பிள்ளைக்கு இவை பாடத்துக்கு வெளியே உள்ளவை என்று சொல்லும் கல்லூரி, அந்தப் பிள்ளையின் வாழ்க்கையையே பாடத்துக்கு வெளியே தள்ளுகிறது.

2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் நாகர்கோவில் கல்லூரிகளிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரம். வலசை வரும் பறவைகளை விலங்கியல் ஆசிரியரும், குளத்துப் பாசன முறையை வரலாற்று ஆசிரியரும், அதே ஊர்க் கவிமணியைத் தமிழாசிரியரும், நீரின் தரத்தை வேதியியல் ஆசிரியரும் ஒரு பருவத்தில் பங்கிட்டு நடத்தலாம். அதற்கு அந்த இரண்டு கிரெடிட்டே போதும், மணி மட்டும் காலை முதல் மணியாக இருக்க வேண்டும், அனுப்பப்படுபவர் துறையின் மூத்த ஆசிரியராக இருக்க வேண்டும். பார்த்திவபுரம் செப்பேட்டையும் இவ்வாறே பிற துறை விருப்பப் பாடமாக வைக்கலாம். கோபிநாத ராவ் பதிப்பித்த அதன் வாசகம் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் இருக்கிறது. கோயிலும் பார்த்திவபுரத்திலேயே இருக்கிறது. செப்பேட்டின் பழைய எழுத்துகள் சிலவற்றைக் கூட்டிப் படிப்பதில் தொடங்கி, நிலமாற்று, உணவு ஒதுக்கீடு, ஒழுங்கு விதி, மூன்று நாட்டு வழக்கு என ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதியை எடுத்தால் பருவத்தின் கடைசி வாரத்துக்கு ஒரு கேள்வி மிஞ்சும்: அந்த 95 பேரில் தத்தம் முன்னோர் யாரேனும் இருந்திருக்க முடியுமா என்று வகுப்பிலிருக்கும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.